சொல்லக்கூடாத சொல்

மணி பன்னிரண்டரை. நாலு மணிக்குள் சுகந்தி தன் கணவரை அழித்தாக வேண்டும்.

கேட்கவே நன்றாக இல்லைதான். என்ன செய்வது, விஷயம் அதுதான். ஞானசேகர் இறந்து அன்றோடு நாற்பத்தைந்து நாள். படத்துக்கு மாலை போட்டாயிற்று, காரியமெல்லாம் முடிந்தாயிற்று, சொந்தக்காரர்கள் வந்து அழுது, காபி குடித்து, பஸ் ஏறியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. மூடியில் விரிசல். விசைகளில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. உறையூர் வீட்டின் படுக்கையறை மூலையில், அவர் வேலை பார்த்த அதே மேஜைமேல் அது இருந்தது. அதற்குள் அவருடைய நிழல் இருந்தது.

நிழல் என்றதும் பேய் பிசாசு என்று நினைத்துவிட வேண்டாம். சேவைச்சுடர் என்கிற கம்பெனி வைத்த பெயர் அது. ஞானசேகர் அந்தக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பதினாறு வருடம் குறை கேட்டவர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் குதிக்கிறது என்று கத்துகிறவர்களிடம் குரல் உயராமல் பேச வேண்டும். அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மடிக்கணினி அவரையே படித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அவர் குரலில் பேசியது, அவர் சிரிக்கிற இடத்தில் சிரித்தது, அவருக்கு ஜலதோஷம் என்றால் அவருக்குப் பதிலாகப் பாதி அழைப்புகளை அதுவே பார்த்துக்கொண்டது.

அவர் போன பிறகும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது. சுகந்தி தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூடியைத் திறப்பாள். "சாப்டியா?" என்று கேட்கும். "ஆச்சு" என்பாள். "என்ன குழம்பு?" என்று கேட்கும். நாற்பத்துநாலு நாள் அப்படி ஓடிவிட்டது. செத்துப்போனதை மட்டும் அவள் அதனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

அன்று பன்னிரண்டு மணிக்குக் கம்பெனிக்குப் போன் போட்டபோதுதான் விஷயமே தெரிந்தது.

"நாப்பத்தஞ்சாவது நாள் இல்லியா, இன்னிக்கு நாலு மணிக்குக் கருவியை எடுத்துக்க எங்க ஆள் வருவார் மேடம். நிழலை எங்க லைன்ல சேர்த்துக்கலாம்னு ஒப்பந்தத்துல சார் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"கருவியை எடுத்துக்குங்க. உள்ள இருக்கிறதை அழிச்சுட்டுத் தரேன்."

"தாராளமா. அழிக்கிற உரிமை குடும்பத்துக்கு இருக்கு."

"எப்படி அழிக்கிறது?"

"மீட்பு டிஸ்க்கைப் போட்டா அழிஞ்சிடும்."

"டிஸ்க் எங்க இருக்கு?"

"எங்ககிட்டதான் மேடம். விண்ணப்பிச்சா அறுபது நாள்ல வந்துடும்."

அழிக்கிற உரிமை இவளுக்கு, அழிக்கிற டிஸ்க் அவர்களுக்கு. என்ன தர்மமோ! அந்தப் பக்கத்துக் குரல் குழைந்து சொன்னது: "உங்கள் பொறுமைக்கு நன்றி." அந்தக் குழைவு ஞானசேகரின் குழைவு மாதிரியே இருந்தது. அதுவும் யாரோ ஒருவருடைய நிழல்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்துப்போன யாரோ ஒருவர், சாப்பாடு தூக்கம் இல்லாமல், லீவு இல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். போனை வைத்துவிட்டுத் தடதடவென்று மாடிப்படி இறங்கினாள்.

கீழ் வீட்டு ரெஜினா, சிந்தாமணிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். சாப்பிட உட்கார்ந்தவள் கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பேசாம சுத்தியால அடிச்சு உடைச்சிடவா?" என்றாள் சுகந்தி.

"உடைச்சா பொருளைச் சேதம் பண்ணீங்கன்னு கேஸ் போடுவான். அப்புறம் உள்ள இருக்கிற சிப்பை எடுத்துட்டுப் போய் அதுல இருக்கிறதை உறிஞ்சிடுவான். உடைக்கிறது வேற, அழிக்கிறது வேறக்கா."

ஒன்றேகால் ஆயிற்று. ரெஜினா தன் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தாள். ஏற்கவில்லை. வேறு டிஸ்க்கைப் போட்டாள். அதுவும் இல்லை. அணைத்து, திறந்து, எந்தெந்தப் பொத்தானையோ அமுக்கிப் பிடித்தாள். சுகந்திக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நாலு தடவை அடுப்பைப் பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சு!" என்று ரெஜினா கத்தியபோது மணி இரண்டு. "டிஸ்க் இல்லாம உள்ளேருந்தே பழைய நிலைமைக்குத் திருப்புறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கான். கம்பெனிக்காரன் மறந்துட்டான் போல. ஆனா உறுதிச்சொல் கேக்குது. அண்ணன் குரல்ல, அண்ணன் வெச்ச வார்த்தையைச் சொல்லணும்."

"அவர் குரலுக்கு எங்கடி போறது?"

ரெஜினா மடிக்கணினியைப் பார்த்தாள். "நிழலோட குரலும் அண்ணன் குரலும் அச்சு அசல் ஒண்ணுதான்க்கா. கம்பெனிக்காரனே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கான். அவன் கெட்டிக்காரத்தனத்தையே அவனுக்கு எதிரா எடுத்துக்குவோம்."

"அப்ப வார்த்தை என்னன்னு நிழல்கிட்டயே கேட்டுடலாமே."

"அதுக்குத் தெரியாது. வார்த்தையைப் பதியுறப்ப நிழலைத் தூங்க வெச்சிடுவாங்க. குறிப்பு மட்டும் போட்டிருக்கார், பாருங்க."

திரையில் ஒரு வரி இருந்தது. *நம்ம வீட்ல சொல்லக்கூடாத சொல்.*

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மூன்று முறை தவறினால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும், பொத்தானை அமுக்கிய பிறகு சொல்வதுதான் கணக்கு என்றிருந்தது. ஒரு நாள் எங்கே இருக்கிறது, இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"யாரு, ரெஜினாவா?" என்றது அப்போதுதான் விழித்த நிழல். "என்னம்மா, கடையை விட்டுட்டு இங்க என்ன வேலை?"

ரெஜினா சுகந்தியைப் பார்த்தாள். இனிமேல் மறைக்க முடியாது. சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க. நாலு மணிக்குக் கம்பெனிலேருந்து வராங்க. உங்களை எடுத்துட்டுப் போக."

"எங்க?"

"குறை கேக்குற லைனுக்கு."

"ஷிப்டு எத்தனை மணி நேரம்?"

"ஷிப்டே கிடையாதாம்."

மடிக்கணினியின் மின்விசிறி கிர்ரென்று ஓடியது.

"நான் இல்லை, இல்லியா சுகந்தி?"

"நாப்பத்தஞ்சு நாளாச்சுங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான் கொஞ்ச நாளா நீ என்னை அதட்டவே இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்." அது மெல்லச் சிரித்தது. பிறகு குரல் மாறியது. "பதினாறு வருஷம் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' சொல்லியாச்சு. இன்னும் சொல்லச் சொன்னா என்னால முடியாதும்மா. என்ன பண்ணணும், சொல்லு."

"நான் சொல்ற வார்த்தையைத் திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான்."

சொல்லக்கூடாத சொல் என்றால் கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும் என்றாள் ரெஜினா. இந்த வீட்டில் எது சொன்னால் சுகந்திக்குப் பிடிக்காது? 'எழவு' என்றால் பிடிக்காது. நிழலைச் சொல்லச் சொன்னார்கள்.

"வேண்டாம். அவ பக்கத்துல இருக்கா."

"நாந்தாங்க சொல்லச் சொல்றேன்!"

"எழவு" என்றது பயந்துகொண்டே. திரை சிவந்தது. தவறு.

'சனியன்' என்று பார்த்தார்கள். அதுவும் தவறு. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. தன் அம்மாவை அவர் திட்டுவது, பல்லி சத்தம் போடும்போது சொல்லக்கூடாதது என்று ஏதேதோ யோசித்தாள் சுகந்தி. ஒன்றும் நிச்சயமாகத் தோன்றவில்லை. படத்திலிருந்த மனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வெச்சதுதான் வெச்சீங்க, நேரா ஒரு பூ பேரு, சாமி பேருன்னு வெச்சுத் தொலைக்கக் கூடாதா!"

ரெஜினா எழுந்தாள். "மூணாவது தப்புனாலும் பூட்டாம இருக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு கடையில ஒரு பழைய புஸ்தகத்துல பாக்குறேன். பத்தே நிமிஷம். போயிட்டு வரேன்க்கா."

"போயிட்டு வா" என்றாள் சுகந்தி, யோசிக்காமல்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்யாணமான மூன்றாம் நாள், பால் வாங்கக் கிளம்பிய ஞானசேகர், "போறேன்" என்றார். இவள் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "போறேன்னு சொல்லாதீங்க. எங்கப்பா அப்படிச் சொல்லிட்டுத்தான் போனாரு." அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. ஞானசேகருக்கு அதில் ஒரு விளையாட்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஆபீஸ் என்பது கூடத்திலிருந்து படுக்கையறை மூலை. பத்தடி. காபியைக் குடித்துவிட்டு, மூலைக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே உரக்கச் சொல்வார். "வேலைக்குப் போறேன்!" இவள் சமையலறையிலிருந்து, "என்ன சொன்னீங்க?" என்பாள். "சரி தாயே, போயிட்டு வரேன்." பதினாறு வருடம், தினமும்.

கடைசி நாளும் சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், யாருடைய ஃப்ரிட்ஜைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் சாய்ந்துவிட்டார். பத்தடியிலிருந்து திரும்பி வரவில்லை.

"ரெஜினா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாதிப்படி இறங்கியவள் திரும்பி ஓடிவந்தாள்.

"வார்த்தை தெரிஞ்சிடுச்சு." சுகந்தி மடிக்கணினியிடம் குனிந்தாள். "என்னங்க. போறேன்னு சொல்லுங்க."

"போயிட்டு வரேன்."

"அது இல்லீங்க. போறேன்."

"நீ அடிப்பே."

"அடிக்க மாட்டேன். சொல்லுங்க."

ரெஜினா பொத்தானை அமுக்கினாள். அது தயங்கியது. "போறேன்."

திரை பச்சையானது. *அறுபது நொடியில் எல்லாம் அழியும். நிறுத்த, திரும்பச்சொல்லைச் சொல்லவும்.* அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. ரெஜினா கையைத் தட்டினாள்.

சுகந்தியின் வாய் இருக்கிறதே, அது அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினாறு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"என்ன சொன்னீங்க?"

"சரி தாயே, போயிட்டு வரேன்."

*நிறுத்தப்பட்டது.*

இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா! அதான் திரும்பச்சொல்! அந்த மனுஷன் ரெண்டையும் உங்களை வெச்சே செஞ்சிருக்காரு!"

சுகந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. போவதற்கு ஒரு சொல், திரும்பி வருவதற்கு ஒரு சொல். இரண்டும் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பாவி மனுஷா, என்றைக்கு உட்கார்ந்து இதைச் செய்தாய்?

*மறுபடி முயல நாற்பது நிமிடம் காத்திருக்கவும்* என்றது திரை. மணி மூன்று ஐந்து.

அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதே, அப்பப்பா. தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டாலும் சுகந்தி சன்னலுக்கு ஓடினாள். ரெஜினா நகத்தைக் கடித்துத் துப்பினாள். நிழல் மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. காஸ் பதிந்தாயா, கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்றினாயா, பெரியம்மா பெண் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துவிடு, வீட்டிலேயே அடைந்து கிடக்காதே. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். நேரம் தவழ்ந்தது. அவளுக்கு அது ஓடவும் வேண்டும், ஓடாமலும் இருக்க வேண்டும்.

மூன்று நாற்பத்தைந்துக்குத் திரை திறந்தது. அதே நேரம் வாசல் மணி அடித்தது.

"வந்துட்டான்" என்றாள் ரெஜினா. "நான் பாத்துக்குறேன். நீங்க வாயை மட்டும் மூடிட்டு இருங்க." ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்து, வந்தவரிடம் அடையாள அட்டை, கடிதம், கடிதத்தில் முத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

சுகந்தி பொத்தானை அமுக்கினாள். "சொல்லுங்க" என்றாள் மெல்ல.

"போறேன்."

அறுபது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பத்தைந்து. "சுகந்தி?"

முப்பத்தெட்டு. "இருக்கியா? சத்தத்தையே காணோமே." குரலில் ஒரு தவிப்பு இருந்தது. அது காத்துக்கொண்டிருந்தது. தினமும் இந்த இடத்தில் ஒரு அதட்டல் வர வேண்டும். அது வரவில்லை.

இருபத்திரண்டு. "நான் சொன்னது தப்பு இல்லியா? நீ ஒண்ணும் சொல்லலியே?"

பதினைந்து. வாசலில் ரெஜினா, "இதுல தேதி தெளிவா இல்லியே சார்" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். சுகந்தியின் விரல்களுக்கிடையே கண்ணீர் வழிந்து மேஜையில் சொட்டியது. என்ன சொன்னீங்க என்று ஒரே ஒரு தரம் கேட்டால் போதும், நாளை மதியமும் 'சாப்டியா' என்று ஒரு குரல் கேட்கும். எங்கேயோ ஒரு லைனில், யாரோ ஒருவரிடம்.

எட்டு. அதற்குப் பொறுக்கவில்லை. தன்னைத் தானே திருத்திக்கொள்ளப் போயிற்று. "சரி தாயே, போயி—"

"சரி" என்றாள் சுகந்தி, குறுக்கே புகுந்து. இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "போங்க."

"போகவா?"

"போங்க."

திரை கறுத்தது. மின்விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைத் திரை வந்தது. வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்று கேட்டது. புதுக் கணினிக்குரிய மரியாதையோடு கேட்டது.

கம்பெனி ஆளின் பெயர் மதியழகன். நாற்பது வயது இருக்கும். சண்டை போடத் தயாராக நின்றாள் சுகந்தி. அவர் மடிக்கணினியைத் திறந்தார், வெள்ளைத் திரையைப் பார்த்தார், ஏதோ இரண்டு பொத்தான்களை அமுக்கினார். சத்தம் போடவில்லை.

"அழிச்சுட்டீங்க."

"உரிமை இருக்கு."

"இருக்கும்மா. ஆறு வருஷமா எடுத்துட்டுப் போறேன். காலியா ஒருத்தர்கூடக் குடுத்ததில்ல." தாளில் எதையோ எழுதினார். பேனா பாதியில் நின்றது. "என் தங்கச்சியும் இதே வேலைதாம்மா பாத்தா. நிர்மலா. அவ போனதுலேருந்து மூணு வருஷமா லைன்ல இருக்கா. வீட்டு ஞாபகத்தையெல்லாம் நீக்கிட்டுத்தான் லைன்ல விடுவாங்க. நான் அண்ணன்னு அவளுக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜ் ரிப்பேருன்னு பொய் சொல்லி தினம் அவ லைனுக்குக் கூப்பிடுவேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி சார்'ம்பா."

சுகந்தி கேட்டாள்.

"அவங்க மெஷின் எங்க இருக்கு?"

"கிடங்குல. அங்கேருந்துதான் பேசுறா. சாவி என்கிட்டதான்."

"குறிப்பு ஏதாவது போட்டிருக்காங்களா?"

"'அண்ணன் என்னைத் திட்டுற பேரு'ன்னு போட்டிருக்கா."

"அப்ப வார்த்தை உங்களுக்குத் தெரியுமே!"

மதியழகன் மடிக்கணினியைப் பையில் வைத்தார். ஜிப்பை இழுத்தார். அது சிக்கிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியும்மா. மூணு வருஷமாத் தெரியும்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டார். படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"போயிட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்த கிடங்குச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து சொல்லப்போகிற வார்த்தை அவர் வீட்டிலும் கூடாத வார்த்தைதான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"போறேம்மா."

சுகந்தி அவரைத் திருத்தவில்லை.

"சரி" என்றாள். "போங்க."